சோதனை 112

வார்விக் சந்திப்பில் காலை ஏழரைக்கு
ஒரு மனிதன் கை நழுவி
ஆரஞ்சுப் பையைக் கீழே விட வேண்டும்.
விடுகிறவன் சாண்டிலே. மணிக்கு அறுபது ரேண்ட் கூலி,
பழம் என் செலவு.
எதிரே கைப்பேசி உறை விற்கும் கடையோரம்
நான்: ஸ்டாப்வாட்ச், குறிப்பேடு, பசி.

முதலில் குனிகிறவர் யார், எத்தனையாவது வினாடியில்,
சுற்றி எத்தனை பேர்,
குனிந்தவர் கறுப்பரா வெள்ளையரா இந்தியரா கலப்பினத்தவரா.
நான்கு கட்டங்கள்.
சட்டம் போட்டு அழித்த அதே கட்டங்களை
ஸ்கேல் வைத்துத் திரும்ப வரைகிறேன்,
நெறிமுறைக் குழுவின் முத்திரையோடு.

கூட்டம் கூடக் கூட உதவி குறையும்
என்றுதான் படித்துவிட்டு வந்தேன்.
டர்பன் அதைப் படிக்கவில்லை.
மழை நாளில் நான்கு பேர் நின்றும் ஒருவரும் குனியவில்லை.
மின்வெட்டு நாளில் தெருவே குனிந்தது,
அதில் இருவர் பழத்தோடு ஓடியும் போனார்கள்.
அவர்களை உதவியில் சேர்ப்பதா என்று
ஒரு வாரம் தூங்கவில்லை.

ஒரு அம்மாள் ஒவ்வொரு பழமாய்ப் புடவைத் தலைப்பில் துடைத்து
அடிபட்டதைத் தனியே எடுத்து வைத்து
இதை முதலில் தின்னுடா என்று சொல்லிவிட்டுப் போனாள்,
அவனுக்குத் தெரியாத தமிழில்.
எழுபத்து நான்கு வினாடி.
மென்பொருள் அவளைச் சிவப்புப் புள்ளியாக்கி
ஓரமாய் நிறுத்தியது.

என் வழிகாட்டி டாக்டர் ம்லாபா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்:
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு.
"கிட்டத்தட்ட" என்றார்.
மூன்று வருஷத்துக்கு ஒரு சொல்.
"இன்னும் நாற்பது முறை போட்டுப் பார்."

உதவித்தொகை மார்ச்சிலேயே தீர்ந்துவிட்டது.
சாட்ஸ்வொர்த்திலிருந்து அக்கா கேட்கிறாள்:
"பழத்தைக் கொட்டிப் பொறுக்குறதுக்கா செரூஷா, டாக்டர் பட்டம்?"
பின்னால் அத்தான் சிரிப்பது கேட்கிறது.
என்னிடம் அருமையான வரைபடம் ஒன்று இருந்தது.
போனில் எப்படிக் காட்ட?

நூற்றுப் பன்னிரண்டாவது முறை
சாண்டிலே பையை விட்டான்.
பழங்களுக்குப் பின்னால் அவனும் விழுந்தான்.

திட்டத்தில் இல்லாததைச் செய்கிறானே என்று
முதலில் எரிச்சல்தான் வந்தது.
கட்டைவிரல் தன் வேலையைப் பார்த்தது.
இரண்டு. மூன்று. கால்கள் உதறுகின்றன.
ஐந்து. சோளம் சுடுகிறவள் அடுப்பை விட்டு ஓடி வருகிறாள்.
எட்டு. டாக்சி ஓட்டுகிறவன் சட்டையைக் கழற்றி
அவன் தலைக்குக் கீழே திணிக்கிறான்.
பத்து. பள்ளிச் சீருடையில் ஒரு பையன்
அவனைப் பக்கவாட்டில் புரட்டுகிறான்,
யார் சொல்லித் தந்தார்களோ.
பதினொன்றில் பொத்தானை அமுக்கினேன்.
அதற்கப்புறம்தான் ஓடினேன்.

எண்ணிக்கொண்டு நின்றேன்.
தமிழில் அதற்கு இரண்டு பொருள்.
அன்றைக்கு என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

ஆய்வேட்டில், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்,
கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு:
நெறிமுறைப் பிறழ்வு காரணமாகச் சோதனை 112 நீக்கப்பட்டது.
பிறழ்ந்தது யார் என்று தேர்வாளர்கள் கேட்கவில்லை.
குறிப்பேட்டில் மட்டும் அந்த வரி கிடக்கிறது:
கடைசியாக வந்தவர், இந்தியர், பெண், இருபத்தொன்பது,
சாலையின் அகலம்தான் தூரம்.

அடுத்த திங்கள் சாண்டிலே வந்தான்,
நெற்றியில் நான்கு தையல்.
அன்றைய கூலியைக் கேட்டு வாங்கினான்.
எத்தனை பழம் திரும்பி வந்தது என்றான்.
எல்லாம், ஒன்று கூடவே இருந்தது என்றேன்.
அவன் நோட்டுகளை இன்னொரு முறை எண்ணிவிட்டு,
இனிமேல் வெங்காயம் வாங்கு,
அடிபட்டால் தெரியாது என்றான்.